ஆயுஷ் அமைச்சகத்தின் 45 நிமிடப் பொது யோகா நெறிமுறை: ஸ்ட்ரெஸ்ஸுக்குச் சரிப்படுமா? ஒரு மதிப்பீடு

யோகா கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றால், "அதுக்கு எதுக்குக் காசு, கவர்ன்மென்ட் வீடியோவே இருக்கே" என்று சொல்ல வீட்டில் ஒருவராவது இருப்பார். அவர் சொல்வது மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் காமன் யோகா புரோட்டோகாலை, அதாவது பொது யோகா நெறிமுறையை. விலை கிடையாது. கையேடும் வீடியோவும் இணையத்தில் கிடைக்கின்றன. 45 நிமிடத்தில் முடியும். ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று பள்ளி மைதானங்களில் நடப்பதும் இதுதான்.

உடம்பை அசைக்காமல் கிடக்கும் ஒருவருக்கு இது நல்ல சரக்கு. ஆனால் பல மாதங்களாக விடாத மன அழுத்தம், அதனால் கெட்ட தூக்கம், எல்லையில் நிற்கும் பிரஷர் என்று வருகிறவர் இதை அச்சடித்த வரிசையிலேயே செய்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும். அவருக்கு வேலை செய்யும் பகுதி கடைசிச் சில நிமிடங்களில் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. மருந்து என்று பார்த்தால் அந்தப் பகுதிதான் மருந்து. மற்றதெல்லாம் அதை ஏற்க உடம்பைத் தயார் செய்வது.

இப்படி அமைந்ததற்குக் காரணம் பிறப்பிலேயே இருக்கிறது. 2014 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபை சர்வதேச யோகா தினத்தை அறிவித்தது. அடுத்த ஜூன் 21 அன்று டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒரே நேரத்தில் ஆசனம் செய்து கின்னஸில் ஏறினார்கள். அந்த மாதிரிக் கூட்டம் ஒலிபெருக்கியைக் கேட்டு ஒன்றாகச் செய்ய வேண்டும், யாருக்கும் அலுக்கக் கூடாது, நின்று, உட்கார்ந்து, குப்புற, மல்லாந்து என்று எல்லா வகையிலும் கொஞ்சம் இருக்க வேண்டும். மைதானத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. தனி மனிதருக்குப் போட்டால் சில இடத்தில் பிடிக்கும், சில இடத்தில் தொளதொளக்கும்.

உள்ளே இருப்பது இது. முதலில் ரிக் வேதப் பிரார்த்தனை. பிறகு கழுத்து, தோள், இடுப்பு, முட்டி தளர்த்தும் அசைவுகள். நின்றபடி தாடாசனம், விருட்சாசனம், பாதஹஸ்தாசனம், அர்த்த சக்ராசனம், திரிகோணாசனம். உட்கார்ந்தபடி பத்ராசனம், வஜ்ராசனம், அர்த்த உஷ்ட்ராசனம், சசாங்காசனம், உத்தான மண்டூகாசனம், வக்ராசனம். குப்புறப் படுத்து மகராசனம், புஜங்காசனம், சலபாசனம். மல்லாந்து சேதுபந்தாசனம், உத்தான பாதாசனம், அர்த்த ஹலாசனம், பவனமுக்தாசனம், சவாசனம். அப்புறம் எழுந்து உட்கார்ந்து கபாலபாதி, நாடி சோதனம், சீதளி, பிராமரி. கடைசியில் தியானம், உறுதிமொழி, சாந்தி மந்திரம். கிட்டத்தட்ட இருபது ஆசனம், நான்கு மூச்சுப் பயிற்சி, ஒரு தியானம். 45 நிமிடத்தை இவற்றுக்குப் பங்கு போட்டால் ஓர் ஆசனத்துக்கு, மாறும் நேரமும் சேர்த்து, ஒரு நிமிடம் தேறும்.

மூச்சு ஏன் முக்கியம்

திடீர்ப் பயத்தில் சுரக்கும் அட்ரினலின் சில நிமிடங்களில் அடங்கிவிடும். நாள்பட்ட அழுத்தத்தில் வேலை செய்வது இன்னொரு சங்கிலி. மூளையின் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசோல் வருகிறது. கார்ட்டிசோல் கெட்டது அல்ல. காலையில் கண் விழித்த அரை மணி, முக்கால் மணிக்குள் அது உச்சத்துக்கு ஏறுவதால்தான் நாம் எழுந்து நடமாடுகிறோம். இரவில் அது தாழ வேண்டும். தாழாமல் நின்றால் தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், பிரஷரும் கூடும்.

இதயத் துடிப்பையோ செரிமானத்தையோ "மெதுவாகப் போ" என்று நாம் கட்டளையிட முடியாது. மூச்சை மட்டும் முடியும். அது தானாகவும் நடக்கும், நாம் நடத்தினாலும் நடக்கும். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது தணியும். மூச்சு வெளியே போகும் நேரத்தில், மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. ஆகவே வெளிமூச்சை நீட்டினால் கடிவாளம் பிடித்திருக்கும் நேரமும் நீளும். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறோம். அதை ஆறு முறைக்குக் கொண்டுவந்தால் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ரத்த அழுத்தத்தின் அலையும் ஒரே தாளத்துக்கு வருகின்றன. 2001இல் இத்தாலிய ஆய்வாளர் பெர்னார்டி குழுவினர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் காட்டிய விஷயம் சுவையானது: லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னாலும் சரி, யோக மந்திரம் சொன்னாலும் சரி, மூச்சு தானாக நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்குக்கு வந்து நிற்கிறது.

நான்கு விநாடி இழுத்து ஆறு விநாடி விட்டால் பத்து விநாடிக்கு ஒரு மூச்சு. கணக்கு அவ்வளவுதான். திருமூலர் பிராணாயாமத்துக்குச் சொல்லும் அளவு இழுக்க 16, நிறுத்த 64, விட 32. அங்கும் வெளிமூச்சு உள்மூச்சைப் போல் இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். நடுவில் இருக்கும் அந்த 64 மட்டும் குரு பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. ஸ்ட்ரெஸ்ஸுக்காகத் தொடங்குகிறவருக்கு மூச்சை நிறுத்துவது தேவையே இல்லை.

இப்போது நெறிமுறையை இந்த அளவுகோலில் வையுங்கள். மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சோதனம் ஐந்து சுற்று. ஒரு சுற்று என்பது இரண்டு மூச்சு, அதாவது இருபது விநாடி. ஐந்து சுற்றும் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட வராது. வண்டு போல முரலும் பிராமரி ஐந்து சுற்று, அதிலும் ஒன்றேகால் நிமிடம்தான். நரம்பு மண்டலம் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும்போது "கண்களைத் திறக்கவும்" என்று குரல் வந்துவிடுகிறது. இந்த நெறிமுறையின் பெரிய குறை இதுதான்.

ஆசனங்களில் எது எங்கே பிசகும்

தளர்த்தும் அசைவுகளுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் தலையை நீட்டி உட்கார்ந்திருப்பவருக்குக் கழுத்தும் தோளும்தான் அழுத்தம் போய் உட்காரும் இடம். தோள்பட்டையைச் சுழற்றும்போது முழங்கை ஒரு பெரிய வட்டம் போட வேண்டும். பலர் கையை மட்டும் ஆட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். கழுத்து எலும்புத் தேய்மானம், தலைச்சுற்றல் உள்ளவர்கள் கழுத்தை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம். முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைத்தால் போதும்.

நின்று செய்வதில் கவலை தருவது பாதஹஸ்தாசனம். முட்டியை விறைத்துக்கொண்டு முதுகைக் கூன் போட்டுத் தரையைத் தொடப் போவது வழக்கமான தவறு. அப்போது சுமை முழுக்கக் கீழ்முதுகு வட்டுகள் (டிஸ்க்) மேல் இறங்கும். மடிய வேண்டியது இடுப்பு மூட்டில். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கைகளை நாற்காலி உட்காரும் பலகையில் ஊன்றினால் வேலை ஒன்றுதான், ஆபத்து இல்லை. பிரஷர் அதிகமாக இருப்பவர், கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய்) உள்ளவர், வட்டு நழுவியவர் இதைத் தொடவே வேண்டாம். தலை இதயத்துக்குக் கீழே போகும் எதுவும் அவர்களுக்கு ஆகாது. இதற்கு அடுத்தே அர்த்த சக்ராசனம், பின்பக்கமாக வளைவது. முன்னே குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்து பின்னே வளைந்தால் தலை சுற்றும். நடுவில் இரண்டு மூச்சு நேராக நிற்க வேண்டும். கூட்டத்தில் செய்யும்போது அந்த இரண்டு மூச்சுக்கு நேரம் கிடைப்பதில்லை.

விருட்சாசனத்தில் தள்ளாடினால் சுவரில் ஒரு விரல் வையுங்கள். உள்ளங்காலைத் தொடையின் உட்புறத்திலோ கெண்டைக்காலிலோ வைக்கலாம், முட்டி மேல் மட்டும் வைக்கக் கூடாது.

வஜ்ராசனத்தில் முட்டி வலிக்கிறது என்று யோகாவையே விட்டவர்கள் ஏராளம். மடித்த போர்வையைத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் வைத்து உட்காருங்கள். கணுக்கால் முன்புறம் இழுத்தால் ஒரு துண்டைச் சுருட்டி அதன் அடியில் கொடுங்கள். அப்படியும் வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்தே மற்றதைச் செய்யலாம், எதுவும் குறைந்துவிடாது. சசாங்காசனம் இந்தத் தொகுப்பின் ரத்தினங்களில் ஒன்று. குனிந்து நெற்றி தரையைத் தொட்டதும் வயிறு தொடையில் அமர்ந்து மூச்சு முதுகுப் பக்கம் விரிவது தெரியும். நெற்றி எட்டாதவர்கள் கை முஷ்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அதன் மேல் வைக்கலாம். எட்டாமல் தொங்கும் தலை கழுத்தைத்தான் இறுக்கும். ஒரு நிமிடத்தில் எழச் சொல்கிறார்களே என்று எழ வேண்டாம், இரண்டு மூன்று நிமிடம் இருங்கள். பிரஷர் கட்டுப்படாதவருக்கு மட்டும் நெற்றிக்குத் தலையணை உயரம் வேண்டும்.

புஜங்காசனத்தில் கையை ஊன்றி உடம்பைத் தள்ளுகிறார்கள். தூக்க வேண்டியது முதுகுத் தசை. சரியா என்று பார்க்க உள்ளங்கைகளை ஒரு கணம் தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். நெஞ்சு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுதான் உங்கள் உண்மையான உயரம். சலபாசனத்தில் காலைத் தூக்கும்போது மூச்சை அடக்கி முக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும். ஒரு காலாகத் தூக்கி, தூக்கும்போதே மூச்சை விடுங்கள்.

உத்தான பாதாசனம் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு காலையும் நீட்டியபடி சேர்த்துத் தூக்கி நிறுத்துவது வயிற்றுத் தசை வலுவாக இருப்பவருக்கானது. பத்து மணி நேரம் நாற்காலியில் இருப்பவருக்கு அந்தச் சுமையை இடுப்பு வளைக்கும் தசை இழுத்து, கீழ்முதுகு தரையிலிருந்து வில்லாக எழும். மறுநாள் முதுகு பிடித்துக்கொண்டது என்று வருபவர்களை விசாரித்தால் பெரும்பாலும் இதில்தான் வந்து நிற்கும். ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு மற்றதைத் தூக்குங்கள். சேதுபந்தாசனமும் பவனமுக்தாசனமும் பெரும்பாலோருக்கு நல்லவை. அவற்றில் பெரிதாகப் பிழை வராது.

கபாலபாதி

மூச்சைச் சட்சட்டென்று வெளியே தள்ளி, உள்மூச்சு தானாக வர விடுவது கபாலபாதி. மந்தத்துக்கு நல்லது. பதற்றத்துக்கு? இங்கேதான் நெறிமுறையோடு உடன்பட முடியவில்லை.

வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை லேசாகும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்தும். சாதாரண ஆளுக்கு அது ஒரு வேடிக்கை. பேனிக் அட்டாக் வந்து பழகியவருக்கோ அது அட்டாக்கின் முதல் அறிகுறி போலவே இருக்கும், பயம் நிஜமாகவே தொற்றிக்கொள்ளும். சவாசனத்தில் அடங்கிய உடம்பை எழுப்பி உட்காரவைத்து இதைச் செய்யச் சொல்வது, தாலாட்டுப் பாடித் தூங்க வைத்த பிள்ளையின் காதருகே தகரத்தைத் தட்டுவது மாதிரி. காலையில் செய்பவருக்கு அந்தச் சுறுசுறுப்பு உதவலாம். மாலையில் செய்பவர் இதை விட்டுவிடுவது உத்தமம்.

செய்வதானால் விநாடிக்கு ஒன்று என்ற வேகத்தில் இருபது, ஒரே ஒரு சுற்று, பிறகு ஒரு நிமிடம் சாதாரண மூச்சு. தோள் குலுங்கினாலோ முகம் சுளித்தாலோ நீங்கள் உள்மூச்சையும் சேர்த்து இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். வயிறு மட்டும் உள்ளே போய் வர வேண்டும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு, அண்மையில் வயிற்று அறுவை, கர்ப்பம், மாதவிடாய் நாட்கள்: இவை எதிலும் கபாலபாதி வேண்டாம். டிவியில் ஒருவர் நிமிடக்கணக்கில் அடிக்கிறார் என்று போட்டிக்கு நிற்காதீர்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தை எப்படி விரிப்பது

நாடி சோதனத்தில் வலது கைக் கட்டைவிரல் வலது மூக்குக்கு, மோதிர விரலும் சுண்டு விரலும் இடதுக்கு. இடதில் இழுத்து வலதில் விட்டு, வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. மூக்கின் நுனியைப் பிதுக்க வேண்டாம், எலும்பு முடிந்து மெத்தென்று தொடங்கும் இடத்தில் விரலை வைத்தாலே அடையும். கை வலிக்க ஆரம்பித்ததும் தலை வலப்பக்கம் சாயும், தோள் ஏறும். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. முதல் வாரம் நான்கு விநாடி இழுத்து நான்கு விநாடி விடுங்கள். மூச்சு முட்டாமல் வந்தால் வெளிமூச்சை ஐந்தாக, ஆறாக, எட்டாக நீட்டலாம். நடுவில் ஒரு பெருமூச்சு வாங்க வேண்டியிருந்தால் எண்ணிக்கை உங்களுக்கு அதிகம், ஒன்றைக் குறையுங்கள். சளி பிடித்து ஒரு மூக்கு அடைத்திருந்தால் விரலை எடுத்துவிட்டு இரண்டு மூக்கிலும் அதே கணக்கில் விடலாம். பலனில் பெரிய வித்தியாசம் வராது.

சீதளி, நாக்கைக் குழலாக மடித்து வாயால் காற்றை இழுப்பது. வெயில் காலத்தில் சுகம்தான். ஆனால் மூக்கு செய்யும் வடிகட்டும் வேலை இங்கே நடக்காது. பிரதான சாலையோர வீட்டின் பால்கனியில் உட்கார்ந்து இதைச் செய்வது புகையை நேராக நெஞ்சுக்கு அனுப்புவதுதான். தவிர்க்கலாம்.

பிராமரி குறைவாக மதிக்கப்படும் பயிற்சி. உதடு மூடி, பல் படாமல், தொண்டையிலிருந்து வண்டு போல முரல வேண்டும். சத்தம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. தாழ்ந்த சுருதியில், மண்டையோட்டில் அதிர்வு தெரிகிற அளவு போதும். இதில் வெளிமூச்சு தானாகவே பத்துப் பன்னிரண்டு விநாடி நீள்கிறது, எண்ண வேண்டிய அவசியமே இல்லை. எண்ணினால் பதற்றம் கூடுகிற ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. முரலும்போது மூக்கின் காற்றறைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயு பலமடங்கு வெளிவருகிறது என்று சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் அளந்தார்கள். அமைதியான வெளிமூச்சைவிட 15 மடங்கு. அது மூக்கடைப்புக்கு நல்ல சேதி, மன அமைதிக்கும் அதற்கும் நேரடி முடிச்சுப் போட வேண்டாம். கண்ணை விரலால் அழுத்தாதீர்கள், இமை மேல் விரல் இறகு போல் பட்டால் போதும். காதில் சீழ் இருக்கும்போது காதை அடைக்க வேண்டாம்.

சவாசனத்தை நடுவிலிருந்து எடுத்துக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். பத்து நிமிடம். தலைக்கு மடித்த துண்டு, முட்டிக்கு அடியில் தலையணை, மேலே ஒரு போர்வை. உடம்பு தளரும்போது வெப்பம் இறங்கும், குளிர் பட்டால் தசை மறுபடி இறுகும், அதனால் ஃபேனைக் குறைத்து வையுங்கள். பாதம், கெண்டை, தொடை, வயிறு, கை, தோள், தாடை, நெற்றி என்று கவனம் மேலே ஏறட்டும். தாடையில் கொஞ்சம் கூடுதலாக நிற்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. குறட்டை விட்டுத் தூங்கிவிட்டால் குற்றமில்லை, உங்களுக்குத் தூக்கக் கடன் இருக்கிறது. எழும்போது வலப்பக்கம் திரும்பி, கை ஊன்றி, மெதுவாக.

எல்லாம் சேர்த்து மாலைக்கான நம் வரிசை: தளர்த்தல் 5 நிமிடம். தாடாசனமும் திரிகோணாசனமும் 4. சசாங்காசனமும் வக்ராசனமும் 4. மகராசனமும் புஜங்காசனமும் 3. சேதுபந்தாசனமும் பவனமுக்தாசனமும் 4. பிறகு நாடி சோதனம் 7 நிமிடம், பிராமரி 3, தியானம் 5, சவாசனம் 10. மொத்தம் அதே 45தான். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அரை டம்ளர் தண்ணீர் பரவாயில்லை, காபி வேண்டாம். தியானத்தில் கண்ணை மூடினால் படபடப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள், பழைய அதிர்ச்சிகளைச் சுமப்பவர்கள் குறிப்பாக. அவர்கள் கண்ணைத் திறந்து நான்கடி தள்ளித் தரையைப் பார்த்தபடி இருக்கலாம்.

விரிப்புக்குச் செலவழிக்க அவசரம் இல்லை. நின்று செய்வதை வெறும் தரையில் செய்வதே நல்லது, கோரைப்பாய் டைல்ஸ் தரையில் வழுக்கும். படுத்துச் செய்வதற்கு இரண்டாக மடித்த பவானி ஜமக்காளம், மெல்லிய ரப்பர் விரிப்பைவிட இடுப்பெலும்புக்கு இதமானது.

ஆய்வுகள் எந்த அளவுக்கு நிற்கின்றன

1969இலேயே பம்பாயில் டாக்டர் தாத்தே குழுவினர் சவாசனத்தை மட்டும் வைத்து ரத்த அழுத்த நோயாளிகளிடம் பலன் பார்த்தார்கள். 1975இல் இங்கிலாந்தில் சந்திரா படேல் என்ற மருத்துவர் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட சோதனை இன்னும் கறாரானது. 34 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு யோகத் தளர்வும் பயோஃபீட்பேக் கருவியும் (உடம்பு தளர்கிறதா என்று அவருக்கே காட்டும் கருவி) ஆறு வாரம் கொடுத்தார். அவர்களுக்கு 168/100 என்றிருந்த பிரஷர் 141/84 ஆனது. சும்மா ஓய்வெடுக்க மட்டும் சொன்ன மறு பிரிவுக்கும் 169/101 என்பது 160/96 ஆக இறங்கியது. இந்தக் கடைசி எண்ணை விளம்பரங்கள் சொல்வதில்லை. டாக்டரிடம் அடிக்கடி வந்து அமைதியாகப் படுத்திருப்பதே கொஞ்சம் குறைக்கும். யோகாவின் பங்கு அதற்கு மேல் இருப்பதுதான்.

2010இல் பாஸ்டனில் ஒரு பிரிவுக்கு யோகாவும் இன்னொரு பிரிவுக்கு அதே அளவு உழைப்பு பிடிக்கும் நடையும் கொடுத்தார்கள். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், 12 வாரம். மனநிலையும் பதற்றமும் யோகா பிரிவில் கூடுதலாகத் தேறின. மறுபக்கம், மாரடைப்பு வந்த 3,959 பேரை நம் நாட்டின் 24 மருத்துவமனைகளில் வைத்துச் செய்த யோகா-கேர் சோதனையில் மறு மாரடைப்பும் மரணமும் குறிப்பிடும்படி குறையவில்லை. உடல்நலம் நன்றாக இருக்கிறது என்ற உணர்வும் பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் மட்டும் மேம்பட்டன. பொதுவாக யோகா ஆய்வுகள் சிறியவை. மாத்திரை மாதிரி மறைத்துக் கொடுக்கவும் முடியாது, தான் யோகா செய்கிறோம் என்பது செய்பவருக்குத் தெரியும். ஆகவே பதற்றம், தூக்கம், பிரஷரில் சில புள்ளிகள் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. "சுகரே போயிடும், மாத்திரையைத் தூக்கிப் போடுங்க" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வாரத்துக்கு 150 நிமிட வேக நடையின் இடத்தையும் இது நிரப்பாது. இந்த ஆசனங்களில் இதயத்துக்கு அவ்வளவு வேலை இல்லை.

ஐந்து நிமிட ஒய்-பிரேக்

இதே அமைச்சகம் அலுவலகங்களுக்காக 2021 செப்டம்பர் 1 அன்று வெளியிட்ட செயலி இது. நின்று கையை உயர்த்துவது, தோள் சுழற்றுவது, இடுப்பைத் திருப்புவது, பின்னே வளைவது, காலை அகட்டிக் குனிவது, ஆழ்ந்த மூச்சு, நாடி சோதனம், பிராமரி, தியானம். ஐந்து நிமிடத்தில் இவ்வளவும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குப் பரிமாறுகிற வேகம்.

உட்கார்ந்தே இருப்பதை முறிக்கிறது என்ற வகையில் வரவேற்கலாம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு குனியும் ஆசனத்தைச் செய்தால் எதுக்களிக்கும். பேருந்துக் கம்பியையும் கீபோர்டையும் தொட்ட கையால் மூக்கைப் பிடிப்பதும் யோசிக்க வேண்டியது. புடவையிலும் ஹீல்ஸிலும் காலை அகட்டி நிற்பது எப்படி என்று வீடியோ எடுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கையை உயர்த்துவதையும் இடுப்பைத் திருப்புவதையும் மட்டும் ஒரு நிமிடம் செய்துவிட்டு, மீதி நான்கு நிமிடமும் நாற்காலியில் உட்கார்ந்து நான்குக்கு ஆறு கணக்கில் மூச்சு விட்டால் இந்தச் செயலியின் சாரம் கிடைத்துவிடும். காலை 11 மணிக்கு ஒன்று, மாலை 4 மணிக்கு ஒன்று.

யாரிடம் கற்பது, எப்படி அளப்பது

ஆயுஷின் யோகா சான்றிதழ் வாரியம் தரும் சான்றுகளில் படிகள் உண்டு. யோகா புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர் என்பது தொடக்கப் படிகளில் ஒன்று. இந்த 45 நிமிடத்தை நடத்தத் தெரிந்தவர் என்று அதற்கு அர்த்தம், நோய்க்கு மாற்றித் தரத் தெரிந்தவர் என்றல்ல. பிரஷர், சுகர், முதுகு வட்டுப் பிரச்சினை இருந்தால் பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா இளநிலைப் பட்டம்) படித்த யோகா மருத்துவரைப் பாருங்கள். சென்னையில் அரும்பாக்கம் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவர்கள் இருக்கிறார்கள்.

தொடங்குமுன் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் முழு நிமிடம் எண்ணிய நாடித்துடிப்பு, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின் எடுத்த பிரஷர், படுத்தபின் தூக்கம் வர ஆன நேரம். இவற்றோடு பத்துக் கேள்விகள் கொண்ட உணர்ந்த அழுத்த அளவுகோலும் (Perceived Stress Scale) நிரப்பலாம். அதில் 40க்கு 14 முதல் 26 வரை நடுத்தரம், 27 முதல் அதிகம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். வாரம் ஐந்து நாள் செய்தால் தூக்கம்தான் பெரும்பாலும் முதலில் அசையும். பிரஷர் எண் மெதுவாகத்தான் வரும், எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை டாக்டர்தான் குறைக்க வேண்டும், நீங்கள் அல்ல. இன்சுலின் போடுபவர் பக்கத்தில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்துக்கொள்ளட்டும். எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மதிப்பெண் 27க்குக் கீழே இறங்கவில்லை, காலையில் எழவே பிடிக்கவில்லை என்றால் ஆசனத்தைக் கூட்டிப் பயனில்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனாஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.